இரண்டாம் வரியிலும் அதே பிசகு

பியானோவில் ப்ளூஸ் என்னும் எங்கள் கறுப்பின மக்களின் பாட்டைப் பழக வருகிறவர்களுக்கு முதல் வாரம் அழுத்தி வாசிக்க நான் மூன்று கட்டைகள்தான் கொடுப்பேன். இடது கை ஒரே சீரான தாளத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அது நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. வலது கைக்கு அந்த மூன்று கட்டைகள். அவற்றை வைத்து ஒரு வரி சொல்ல வேண்டும். அதே வரியைத் திரும்பவும் சொல்ல வேண்டும். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பாடுகிறவர்களும் அப்படித்தான் பாடுகிறார்கள். மழை வந்து என் வீட்டைக் கொண்டுபோச்சு, மழை வந்து என் வீட்டைக் கொண்டுபோச்சு, வாடகை கேட்க வருகிறவனே, நீந்தி வா. எதையும் எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. அந்த நேரத்தில் கையில் வருவதுதான் பாட்டு.

இந்த முறை சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. பகலில் நான் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். கல்லூரியில் நான் படித்த இசை முழுவதும் காகிதத்தில் இருந்தது. மிசிசிப்பியில் இந்த ஹார்லோ ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், சனிக்கிழமை ஆட்டக் கொட்டகைகளின் பக்கம் அம்மா என்னை விட்டதில்லை. என்னிடம் பழக வருகிறவர்களோ அந்தக் கொட்டகைகளில் ஆடி ஆடிச் செருப்பு தேய்ந்தவர்கள். அவர்களுக்கு நான் எதைச் சொல்லித் தருகிறேன் என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு செவ்வாய் மாலையும் சமூகக் கூடத்தின் கதவைத் திறக்கிறேன். வகுப்பு முடிந்ததும் நான் என்ன சொன்னேன், யார் எங்கே தடுக்கினார்கள் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் அடுத்த வாரம் கொஞ்சம் குறைவாகப் பிழை செய்வேன் என்று ஒரு நம்பிக்கை.

பெயர் கொடுத்தவர்கள் பலர். விடாமல் வருகிறவர்கள் இருவர். கிளியோத்தா பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனிதர், வாய் ஓயாது. ஒதெல்லா ஸ்பைவி ஊருக்கு வெளியே உள்ள மீன் ஆலையில் கெளுத்தி மீனுக்கு முள் நீக்கிச் சதை அரிகிற பெண்மணி. இரண்டு பேருமே என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர்கள். கிளியோத்தா என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவார், கேலியும் மரியாதையும் பாதிப் பாதி. ஒதெல்லாவுக்கு நான் 'கண்ணு'. மணமானவரோ இல்லையோ, மூத்தவர்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்', 'மிஸ்டர்' சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை.

அன்று ஒதெல்லா தன் முதல் வரியை வாசித்தார். நடுவில் மூன்றாவது விரல் கறுப்புக் கட்டையில் நிற்காமல் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கியது. இரண்டும் சேர்ந்து ஒலித்தன. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சே! போச்சு."

"கைய எடுக்காதீங்க மிஸ் ஒதெல்லா. அடுத்த வரியில அதே எடத்துல அதே மாதிரி வழுக்குங்க."

"தப்பயா திரும்பச் செய்யச் சொல்ற?"

"ஒரு தடவ செஞ்சாத்தான் தப்பு. ரெண்டாவது தடவயும் அங்கயே செஞ்சா அது உங்க சொத்து. யாரும் வாயத் தொறக்க முடியாது."

கிளியோத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். "இதத்தான் டீச்சர் நான் என் சம்சாரத்துகிட்ட முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். ரெண்டாந் தடவயும் குடிச்சிட்டு வந்தா அது தப்புல சேராதுடின்னு. அவ வாணலியத் தூக்குறா."

"அதான் மூணாவது வரி," என்றார் ஒதெல்லா. "பதில்."

பிறகு வாசித்தார். வழுக்கல் இரண்டாம் முறையும் அதே இடத்தில் வந்தது. முதலில் காலில் கல் இடறியதுபோல் கேட்டது, இப்போது வேண்டுமென்றே நொண்டி நடப்பதுபோல் கேட்டது. கித்தாரில் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்கலாம். பியானோவில் அது முடியாது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று நசுக்கித்தான் இடையில் உள்ளதைத் தொட முடியும். நல்லா இருக்கு என்று சொன்னேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு," என்றார் அவர். "விரல் கட்டையில பட்டுச்சான்னுகூட எனக்குத் தெரியாது. சத்தம் வந்தாத்தான் தெரியும்."

அன்றுதான் கையைக் காட்டினார். இரண்டு கைகளிலும் கட்டைவிரல், அடுத்தது, நடுவிரல் மூன்றும் மரத்துப் போயிருந்தன. மேசையில் கிடந்த என் பேனாவின் முனையால் நடுவிரல் நுனியைக் குத்திக் காட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. ஆலையில் மீனைக் கொண்டுவரும் பெல்ட் ஓடுகிற வேகத்துக்கு மணிக்கட்டை ஒரே மாதிரி திருப்பித் திருப்பி, உள்ளே நரம்பு நசுங்கிவிட்டது என்று ஜாக்சன் நகரத்து மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுத்துச் சரிசெய்யலாம். தள்ளிப்போட்டால் கட்டைவிரலின் அடிச்சதை செத்துவிடும். செத்த பிறகு அறுத்துப் பயனில்லை.

"ஆலை டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"வயசாவுதுன்னு சொல்றான். வீட்டுல ஸ்வெட்டர் பின்னுவியான்னு கேக்குறான். மிசிசிப்பியில எவடா ஸ்வெட்டர் பின்றா?"

ஆலையில் வேலை செய்ததால்தான் கை போனது என்று தீர்ப்பு வந்தால், ஆலையின் காப்பீட்டுக்காரர்கள் அறுவைக்குப் பணம் கட்டுவார்கள். வராவிட்டால் கட்ட யாரும் இல்லை. விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். மரத்த கையோடு எதற்குப் பியானோ என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"படுத்தா ரெண்டு கையும் நெருப்பா எரியுது. விடிஞ்சா விறகுக்கட்ட. காப்பிக் கோப்பையப் பிடிச்சிருக்கனா இல்லயான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சிக்கறேன். இங்க வந்தா காது சொல்லுது, விரல் இன்னும் இருக்குன்னு."

*

அடுத்த சில வாரங்களில் ஒதெல்லாவின் வாசிப்பு வளர்ந்தது. நான்காவது கட்டையைக் கொடுத்தேன், பிறகு ஐந்தாவது. விரல் எங்கே வழுக்கும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஆனால் வழுக்கிய பிறகு அதைக் காதில் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வரியில் மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தி, கையை மொத்தமாகச் சாய்த்து அதே இடத்தில் விழவைப்பார். விரலால் செய்ய முடியாததைத் தோளாலும் முழங்கையாலும் செய்தார். பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது தெரியும். கேட்கிறவர்களுக்கு விரல்தான் பேசுவதாகத் தோன்றும்.

கிளியோத்தாவின் சிக்கல் வேறு. அவரால் சும்மா இருக்க முடியாது.

"மிஸ்டர் கிளியோத்தா, ஒரு வரி முடிஞ்சதும் கொஞ்சம் நிறுத்துங்க. கேக்கறவங்க மூச்சு விட வேண்டாமா?"

"எடம் காலியா இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு டீச்சர்."

"நீ பஸ் ஓட்டுற மாதிரியே வாசிக்கற," என்றார் ஒதெல்லா. "கட்ட கண்ட எடத்துல எல்லாம் நிறுத்தி ஆள ஏத்துற. போற எடத்துக்குப் போய்ச் சேந்தபாடில்ல."

"உன் சர்ச்சு டீக்கனுக்கு நீ இங்க வர்றது தெரியுமா சிஸ்டர்? பிசாசு பாட்டுக் கத்துக்கறன்னு ஞாயித்துக்கிழம உன் பேர வாசிக்கப் போறான்."

"அந்த டீக்கன் வெள்ளிக்கிழம எங்க இருந்தான்னு நான் வாசிச்சுக் காட்டுவேன். மூணு வரியில."

கூடத்துக்கு எதிர்ப்புறம் தெருவில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்பதை முதலில் கவனித்தவர் கிளியோத்தாதான். அதன் பின் எல்லா வகுப்பின்போதும் அது நின்றது. உள்ளே ஒரு வெள்ளைக்காரர், தொப்பியோடு. எங்கள் ஜன்னலுக்குத் திரை கிடையாது.

"யார்றா இவன்? என் சம்சாரம் வெச்ச ஆளா இருக்குமோ?"

"உன்ன வேவு பாக்கறதுக்கு எவன் பெட்ரோல் செலவு பண்ணுவான்?"

நாங்கள் சிரித்தோம். அதைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் யோசிக்கவில்லை. இடது கை நடையை எப்போது வேகப்படுத்தலாம் என்பதுதான் அந்த வாரங்களில் என் யோசனையாக இருந்தது.

*

தொழிலாளர் சங்கத்தின் வக்கீல் பெட்டஸ் பள்ளிக்கே வந்து என்னைப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். கறுப்புக் கோட்டில் சுண்ணாம்பு ஒட்டும் என்று வகுப்பறைச் சுவரில் சாயாமல் நின்றார். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் தந்த புகைப்படங்களின் நகல்களை மேசையில் பரப்பினார். எல்லாம் ஜன்னல் வழியாக எடுத்தவை. ஒதெல்லாவின் இரண்டு கைகளும் பியானோ மேல். ஒரு படத்தில் அவர் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கை வேலைக்கு ஆகாதுன்னு ஒரு பொம்பள கேஸ் போடுறா," என்றார் பெட்டஸ். "அதே பொம்பள வாராவாரம் பியானோ வாசிக்கறா. படத்தப் பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"அவங்க விரலால வாசிக்கலைங்க. விரல்ல உணர்ச்சியே இல்ல. சத்தத்தக் கேட்டு..."

"அத நீங்க வந்து சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

சரி என்றேன். அன்று மாலையே சொல்ல வேண்டியதை ஒழுங்காக எழுதிப் பார்த்தேன். எந்தெந்த விரல், எந்தக் கட்டை, எப்படி வழுக்குகிறது, கை முழுவதையும் சாய்த்து எப்படிச் சமாளிக்கிறார் என்று. திரும்பப் படித்தபோது, நான் அவரைப் புகழ்ந்து எழுதியிருப்பது போலவே இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதுவும் அப்படியேதான் வந்தது. ஒரு மாணவி எதைச் செய்கிறார் என்று சொல்ல எனக்குத் தெரியும். எதைச் செய்ய முடியவில்லை என்று மட்டும் தனியாகச் சொல்ல வரவில்லை.

விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று ஒதெல்லாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பில் சோள ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கரண்டி கையிலிருந்து நழுவாமலிருக்க அதன் பிடியில் துணி சுற்றி, மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"ஆல என் கைய எடுத்துக்கிச்சு. இப்ப செவ்வாக்கெழமையும் எடுத்துக்குமா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் மிஸ் ஒதெல்லா."

"நான் திருடலையே கண்ணு. ஒளியறதுக்கு."

ஆனாலும் அவர் வரவில்லை. கிளியோத்தா தனியாக உட்கார்ந்து வாசித்தார். அன்று அவர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நிறையவே இடம் விட்டார்.

*

புயலில் நீதிமன்றக் கட்டடத்தின் கூரை பிய்ந்துபோனதால், அந்த மாதத்து விசாரணைகளை எல்லாம் எங்கள் சமூகக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் உள்ளே போனபோது நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. நடுவருக்கு நீள மேசை, பின்னால் கொடி. பியானோவை அவர்கள் நகர்த்தவில்லை. அது வழக்கமான இடத்தில், நடுவருக்கு இடது பக்கம், மூடி திறந்தபடி இருந்தது.

ஒதெல்லா தேவாலயத்துக்குப் போடும் நீல உடையில் வந்திருந்தார். கிளியோத்தா தன் வண்டியில் கூட்டி வந்து, பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார். எதிர்த் தரப்பு வக்கீல் டன்வுடி நரைத்த மீசைக்காரர். குரல் மிகவும் கனிவாக இருந்தது. என்னை 'மிஸ்' என்றும் பெட்டஸை 'வக்கீல் சார்' என்றும் கூப்பிட்டார். ஒதெல்லாவை வெறுமனே 'ஒதெல்லா' என்றார்.

"மிஸஸ் ஸ்பைவின்னு சொல்லணும்," என்றார் பெட்டஸ்.

"தாராளமா," என்றார் டன்வுடி. அடுத்த கேள்வியில் மறுபடி ஒதெல்லா என்றே சொன்னார்.

ஜாக்சன் மருத்துவரின் அறிக்கையைப் படித்தார்கள். ஆலை மருத்துவரின் அறிக்கையையும் படித்தார்கள். ஒன்று 'ஆம்' என்றது, மற்றது 'இல்லை' என்றது. பிறகு புகைப்படங்கள் வந்தன. பைபிள் மேல் கை வைத்து நான் என் சாட்சியைச் சொன்னேன். எழுதிப் பழகிய வரிசையில்தான் தொடங்கினேன், நடுவில் வரிசை கலைந்தது. விரலுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும் என்று சொன்னேன். நடுவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அது எனக்கு நல்ல அறிகுறியாகத் தோன்றியது.

டன்வுடி எழுந்தார். "இவ்வளவு பேசறதுக்கு, பியானோ இங்கதான இருக்கு. ஒதெல்லா கொஞ்சம் வாசிச்சுக் காட்டினா நாம எல்லாரும் பாத்துடலாம்."

பெட்டஸ் மறுத்தார். இது மருத்துவச் சோதனை அல்ல, வேடிக்கை என்றார். நடுவர் கொஞ்சம் யோசித்து ஒதெல்லாவிடம் திரும்பினார்.

"உங்களுக்கு விருப்பம்னா மட்டும். கட்டாயமில்ல."

"வேண்டாம்னு சொல்லுங்க," என்று பெட்டஸ் குனிந்து முணுமுணுத்தார்.

ஒதெல்லா எழுந்துவிட்டார். "பாக்கட்டுமே. கை எப்பிடி இருக்குன்னு பாக்கத்தான வந்திருக்காங்க."

அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. இத்தனை மாதங்களாக எல்லாரும் அவர் கையைப் பற்றிக் காகிதத்தில் பேசினார்கள். கையே நேரில் வந்து சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இடது கை நடக்கத் தொடங்கியது. வாசிக்காமல் இருந்த வாரங்களில் அது தளர்ந்திருந்தது. ஆனாலும் விழாமல் நடந்தது. வலது கை முதல் வரியை எடுத்தது. ஐந்து கட்டைகள்தான். நடுவில் மூன்றாவது விரல் வழுக்கியது. நான் கேட்டதிலேயே மோசமான வழுக்கல் அது. இரண்டு கட்டைகள் இல்லை, மூன்று சேர்ந்து ஒலித்தன. கூடத்தில் எல்லார் காதிலும் அது உறைத்தது. பெட்டஸ் மெதுவாக மூச்சு விட்டார். நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார். காப்பீட்டுக்காரர்களின் வரிசையில், அந்தச் சாம்பல் நிறக் காரில் இருந்த தொப்பிக்காரர் பக்கத்து ஆளைப் பார்த்து வாயோரம் சிரித்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாருங்கள், இதுதான் என் கை என்று எழுந்திருக்கலாம். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இடது கை நிற்கவில்லை.

இரண்டாம் வரி தொடங்குமுன் அவருடைய மணிக்கட்டு கொஞ்சம் உயர்வதைக் கண்டேன். அதே வரி. அதே இடம். கையை மொத்தமாகச் சாய்த்து, அந்த மூன்று கட்டைகளையும் அதே மாதிரி நசுக்கினார். பின்வரிசையில் கிளியோத்தா தன்னை அறியாமல் "ஹூம்!" என்றார். மூன்றாவது வரியில் ஒதெல்லா பதில் சொன்னார். அது நல்ல பதில். வகுப்பில் வந்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன்.

டன்வுடி கை தட்டவில்லை. கனிவாகவே என்னை மறுபடி சாட்சி நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், முதல் வரியில நடுவுல ஒரு பிசகு வந்துச்சு. அது வேணும்னு செஞ்சதா, தவறி வந்ததா?"

"தவறி வந்தது. அதத்தான் நான் சொல்லிட்டிருந்தேன். விரல்ல..."

"சரி. ரெண்டாவது வரியிலயும் அதே எடத்துல அதே பிசகு. அதுவும் தவறி வந்ததா?"

பெட்டஸ் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் பதில் தெளிவாக இருந்தது. தெரியவில்லை என்றும் நான் சொல்லியிருக்கலாம். வாழ்நாளில் எத்தனையோ விஷயங்களில் தெரியவில்லை என்று சொல்கிறவள்தான் நான். இது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. சத்தியம் செய்திருந்தேன். ஒதெல்லா பியானோவின் முன்னால் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறி வந்தது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல. அது அவங்க வாசிச்சது."

"வேணும்னேயா?"

"வேணும்னேதான். ஆனா சார், அது விரலால இல்ல, தோளச் சாய்ச்சு, சத்தத்த..."

"கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு மிஸ். நன்றி."

அவர் நடுவர் பக்கம் திரும்பினார். "எங்கம்மா எனக்குச் சின்ன வயசுல வருஷக் கணக்கா பியானோ சொல்லிக் குடுத்தாங்க. ஒரு தப்ப அதே எடத்துல அதே அழுத்தத்தோட திரும்பச் செய்ய என்னால முடியாது. அதுக்கு ரொம்ப நல்ல கை வேணும்."

நடுவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

*

வெளியே படிக்கட்டில் பெட்டஸ் கோப்புகளைப் பையில் திணித்தார். "தெரியலன்னு ஒரு வார்த்த. அதுகூட உங்களுக்கு வரலயா?"

"அவள விடுங்க," என்றார் ஒதெல்லா. "வாசிச்சது நான்."

"ஏன் வாசிச்சீங்க? முதல் வரியோட நின்னிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்!"

பெட்டஸ் போன பிறகு ஒதெல்லா படியில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். வாசித்தால் அவருக்கு எரிச்சல் அதிகமாகும்.

"அந்தத் தொப்பிக்காரன் சிரிச்சான், பாத்தியா?"

"பாத்தேன்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டான் அந்தக் கெழவன். விட்டேன். போட்டோவக் காட்டினான். விட்டேன். தப்பா வாசிச்சிட்டு, அவனுங்க முன்னால, அப்பிடியே விட்டுட்டு எந்திரிக்க முடியல கண்ணு. அது மட்டும் முடியல."

கிளியோத்தா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி வந்து ஒதெல்லாவுக்காகக் கதவைத் திறந்தார்.

தீர்ப்பு தபாலில் வந்தது. கைகளின் இயக்கத்தில் போதுமான கட்டுப்பாடு இருப்பது விசாரணையில் நேரடியாகக் காணப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். சங்கம் மேல்முறையீடு செய்தது, அதுவும் தள்ளுபடி ஆனது. கைதான் நன்றாக இருக்கிறதே, வேலைக்கு வா என்று ஆலை கூப்பிட்டது. போனார். கத்தியைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் சமாளித்தார். ஒருநாள் கட்டு அவிழ்ந்து கத்தி பெல்ட்டில் விழுந்தது, எல்லாரும் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய் வகுப்பு நடக்கிறது. புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று கட்டைகள், மூன்று வரிகள். விரல் தவறினால் அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மேலே போங்க என்று மட்டும் சொல்கிறேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

*

பருத்தி எடுத்து முடிந்த பிறகு ஒரு மத்தியானம் ஒதெல்லாவின் வீட்டுக்குப் போனேன். ஆற்றுப் பக்கம் புதிதாகத் திறக்கப் போகும் சூதாட்ட விடுதியில் படுக்கை விரிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கிளியோத்தா எங்கள் இருவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

"உள்ள வா," என்று குரல் வந்தது.

நீல உடையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகுப் பக்கம் முழுவதும் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் திரும்பி உட்கார்ந்தார். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாக நான் போட்டுக்கொண்டு வந்தேன். சின்னச் சின்ன முத்துப் பொத்தான்கள். நல்ல விரலுக்கே பிடி கொடுக்காதவை.

"எவ்ளோ நேரமா இப்பிடி உக்காந்திருக்கீங்க?"

"காலையில இருந்து. யாராச்சும் வருவாங்கன்னு."

கைகள் மடியில் கிடந்தன. கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை குழிந்திருந்தது. தோல் மட்டும் எலும்பில் ஒட்டியிருந்தது. ஜாக்சன் மருத்துவர் சொன்னது இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

"படுக்க விரிக்க வெரல் வேணாம்," என்றார். "முழங்கையால இழுத்துவிட்டா போதும். என்ன சொல்ற?"

"போதும்."

"பேனாவக் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுவானுங்களா?"

"முதல்ல அதத்தான் கேப்பாங்க."

"அப்ப நீயும் கூட வந்துரு."

காலர் பொத்தானையும் போட்டு முடித்தேன். தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அவரே தலையில் கவிழ்த்துக்கொண்டார். வாசலுக்கு வந்தோம். வெளியே குளிர்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் நான் கதவின் உருண்டைப் பிடியைப் பிடித்து இழுத்தேன்.

"சாத்தாத கண்ணு," என்றார். "சாத்திட்டா, வந்து என்னால தொறக்க முடியாது."